செயின்ட்ஸ் கேட்க எங்கே தொடங்குவது? நான்கு ஆல்பம், நான்கு வாசல்

"செயின்ட்ஸ் கேட்கலாம் என்று இருக்கிறேன், எந்த ஆல்பத்தில் ஆரம்பிப்பது?" ஆஸ்திரேலியாவின் செயின்ட்ஸ் என்ற ராக் பாண்டைப் பற்றிப் போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் இப்படிக் கேட்டுவிட்டார்கள். முதல் ஆளிடம் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: முதல் ஆல்பத்திலிருந்து போங்கள். அவர் மூன்று பாட்டோடு நிறுத்திவிட்டார். "ஒரே இரைச்சலாக இருக்கிறதே, எல்லாப் பாட்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது" என்றார். நான்காவது பாட்டு மெதுவானது, அந்த ஆல்பத்தின் மனசே அதில்தான் இருக்கிறது. அதுவரை அவர் போகவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. யாருக்கு எது ஒத்துவரும் என்று யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னது நான்தான்.

அதனால் இந்தத் தடவை கொஞ்சம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். செயின்ட்ஸ் என்ற பெயரில் பத்துக்கும் மேல் ஆல்பங்கள் இருக்கின்றன, ஆனால் தொடங்குவதற்கு நியாயமாகச் சொல்லக்கூடியவை நான்குதான். மற்றவற்றைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

## முதலில் ஆட்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது இல்லாமல் கீழே எழுதியிருப்பது புரியாது, அதனால் சுருக்கமாக.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகர் பிரிஸ்பேன். 1973 வாக்கில் அங்கே பள்ளி நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பாண்ட் ஆரம்பித்தார்கள்: பாட கிறிஸ் பெய்லி, கிதாருக்கு எட் க்யூப்பர், டிரம்ஸுக்கு ஐவர் ஹே. பேஸ் வாசிக்கக் கிம் பிராட்ஷா பிறகு வந்தார். பெய்லி கென்யாவில் பிறந்து பெல்ஃபாஸ்டில் வளர்ந்து பிரிஸ்பேனுக்கு வந்த ஐரிஷ் பையன். க்யூப்பர் ஜெர்மனியில் பிறந்தவர். இரண்டு பேருமே வெளியிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், நகரத்தின் ஓரத்துப் புறநகர்களில் வளர்ந்தவர்கள்.

அப்போது மாநில முதல்வர் ஜோ பியெல்கி-பீட்டர்சன். 1968 முதல் 1987 வரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர். போலீஸ் கை ஓங்கியிருந்த காலம், 1977இல் தெரு ஊர்வலத்துக்கே தடை போட்ட ஆட்சி அது. இந்தப் பையன்களுக்கு வாசிக்க இடம் தர யாரும் தயாராக இல்லை. சரி, நாமே இடம் பண்ணிக்கொள்வோம் என்று பெட்ரி டெரஸ் பகுதியில் தாங்கள் குடியிருந்த வாடகை வீட்டையே 'கிளப் 76' என்று ஆக்கிவிட்டார்கள். இவர்களுடைய பாட்டை வெளியிட எந்தக் கம்பெனியும் வராதபோதும் இதே வழிதான். 1976 ஜூனில் பிரிஸ்பேனிலேயே ஒரு சிறிய ஸ்டுடியோவில் 'ஐயாம் ஸ்ட்ராண்டட்' என்ற பாட்டைப் பதிவு செய்து, 'ஃபேட்டல்' என்று சொந்தமாக ஒரு லேபிள் பெயர் வைத்து, 500 பிரதி மட்டும் அடித்து, செப்டம்பரில் வெளியிட்டார்கள். கொஞ்சப் பிரதிகளை லண்டன் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்கள்.

தேதியைக் கவனியுங்கள். பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை இங்கிலாந்தில் தட்டில் வரத் தொடங்கியதே இதற்குப் பிறகுதான். இங்கிலாந்தில் 'டாம்ட்' பாண்டின் முதல் சிங்கிள் (தனிப் பாட்டுத் தட்டு) வந்தது அதே ஆண்டு அக்டோபரில், செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் சிங்கிள் நவம்பரில். பூமியின் அந்தப் பக்கத்தில், யாரையும் பார்த்துக் காப்பியடிக்க வாய்ப்பே இல்லாத ஓர் ஊரிலிருந்து இவர்கள் முந்திக்கொண்டார்கள். லண்டனின் 'சவுண்ட்ஸ்' வார இதழ் இதை அந்த வாரத்துக்கும் இனி வரும் எல்லா வாரத்துக்குமான சிங்கிள் என்று தூக்கி வைத்தது. உடனே ஈ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் லண்டன் அலுவலகம் சிட்னி கிளையைக் கூப்பிட்டு, இந்தப் பையன்களைப் பிடித்து ஒப்பந்தம் போடு என்றது. உள்ளூரில் ஒரு அறை தர ஆளில்லை, லண்டனிலிருந்து கம்பெனி தேடி வருகிறது!

அப்புறம் மூன்று ஆல்பம், லண்டன் வாசம், 1978 முடிவில் உடைவு. க்யூப்பர் ஊர் திரும்பினார், பெய்லி பெயரை வைத்துக்கொண்டார். நீங்கள் எந்த ஆல்பத்தை எடுத்தாலும் இந்த இருவரில் யாருடைய கை அதில் ஓங்கியிருக்கிறது என்பதுதான் உண்மையான வித்தியாசம்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதல் பத்து நிமிடம். புதிதாகக் கேட்கிறவரை உட்கார வைக்குமா, எழுந்து போக வைக்குமா.

திரும்பக் கேட்கத் தூண்டுமா. ஒரு தடவை "அடேயப்பா" சொல்ல வைப்பது வேறு, பத்தாவது தடவையும் புதிதாக ஏதோ காதில் விழுவது வேறு.

எதில் கேட்கிறீர்கள். இதை யாரும் சொல்வதில்லை. ஹெட்போனில் பேருந்தில் கேட்பவருக்கும் வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் கேட்பவருக்கும் ஒரே பரிந்துரை சரிவராது.

அது உங்களை எங்கே கொண்டுபோய் விடும். முதலில் கேட்கும் ஆல்பம்தான் அடுத்ததை எப்படிக் கேட்பீர்கள் என்று முடிவு செய்கிறது. தவறான வாசல் வழியாகப் போனால், நல்ல ஆல்பங்களே ஏமாற்றமாகத் தோன்றும். தவறாகத் தொடங்குவதில் பெரிய நஷ்டம் இதுதான், பணம் இதற்கு அப்புறம்தான்.

"வரலாற்று முக்கியத்துவம்" என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வரலாற்றுக்காக ஒரு பாட்டைக் கேட்பது பரீட்சைக்குப் படிப்பது மாதிரி. முடிந்ததும் மறந்துவிடும்.

## வாசல் 1: 'ஐயாம் ஸ்ட்ராண்டட்' (1977)

சிங்கிளின் பெயரையே தாங்கி வந்த முதல் ஆல்பம். 1976 டிசம்பரில் இரண்டே நாளில் பதிவானது, 1977 பிப்ரவரியில் வெளியானது. அட்டைப்படத்தில் ஒரு பாழடைந்த வீடு, சுவரில் கணப்படுப்புக்கு மேலே பெயின்ட்டால் கிறுக்கிய தலைப்பு, முன்னால் நாலு பையன்கள். படத்துக்காகச் சிரிக்கக்கூட மெனக்கெடவில்லை. ஆல்பமும் அப்படித்தான்.

மொத்தம் பத்துப் பாட்டு, அரை மணி நேரம் சொச்சம். க்யூப்பரின் கிதார் இடைவெளியே விடாமல் அரைக்கிறது, அதன்மேல் பெய்லி அவசரமே இல்லாமல், பாதி அலுப்பும் பாதி நக்கலுமாக இழுத்துப் பாடுகிறார். இந்தப் பொருத்தமின்மைதான் செயின்ட்ஸின் விசேஷம். மற்ற பங்க் பாடகர்கள் கத்துவார்கள், பெய்லிக்கு அந்தக் கவலையே இல்லை. பின்னால் வீடு பற்றி எரிந்துகொண்டிருக்க, வாசல் திண்ணையில் சாய்ந்துகொண்டு பாடுகிறவர் மாதிரி.

இதன் பலம் முதல் பத்து நிமிடம். தலைப்புப் பாட்டு தொடங்கிய ஐந்தாவது நொடியில் உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். இழுபறி கிடையாது.

பலவீனமும் அதுதான். இரண்டு நாளில் பதிவு செய்த சத்தம் இது. கிதார் நடுவில் அடைத்துக்கொண்டு நிற்கும், டிரம்ஸ் அதற்குப் பின்னால் எங்கோ கேட்கும். மலிவான இயர்போனில் கேட்டால் பத்து நிமிடத்தில் காது களைத்துவிடும். நான் முதலில் இதைக் கேட்டது ரயிலில், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் கூட்டி வைத்தும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டபோதுதான் இது வேறு ஆல்பம் என்று புரிந்தது.

எடுத்த எடுப்பில் தெரியாத இன்னொன்றும் உண்டு. இது முழுக்க வேகப் பாட்டு ஆல்பம் இல்லை. நான்காவதாக வரும் 'மெஸ்ஸின் வித் த கிட்' ஆறு நிமிடத்தை நெருங்கும், நிதானமான, கசப்பான பாட்டு. கடைசியாக வரும் 'நைட்ஸ் இன் வெனிஸ்' அதே அளவு நீளம், ஆனால் வேகம் குறையாமல் கடைசியில் வெறும் இரைச்சலாக உருகி வழியும். எல்விஸ் பிரெஸ்லி பாடிய 'கிஸ்ஸின் கசின்ஸ்' பாட்டையும் எடுத்துக் கந்தலாக்கியிருக்கிறார்கள். பழைய ராக் அண்ட் ரோல், அறுபதுகளின் முரட்டு பாண்டுகள் இவற்றிலிருந்து வந்தவர்கள் இவர்கள். பங்க் என்ற பெயர் பிறகு மற்றவர்கள் ஒட்டியது.

அடுத்த ஆல்பங்களுக்கு இது வைக்கும் வேட்டு: இதையே இன்னும் கொஞ்சம் கொடு என்று எதிர்பார்ப்பை ஏற்றிவிடும். அடுத்த இரண்டும் அதைக் கொடுக்காது. 1978இல் இங்கிலாந்து ரசிகர்கள் பலருக்கு நடந்தது இதேதான்.

இது யாருக்கு: ரமோன்ஸ், ஸ்டூஜஸ், எம்.சி.5 போன்ற அமெரிக்க முரட்டு ராக் பாண்டுகள் ஏற்கெனவே காதுக்குப் பழகியவர்கள். கிதார் இரைச்சல் என்றால் முகம் சுளிக்காதவர்கள். வீட்டில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள்.

## வாசல் 2: 'எடர்னலி யுவர்ஸ்' (1978 மே)

இப்போது என்னிடம் கேட்டால் பத்தில் ஏழு பேருக்கு இதைத்தான் சொல்வேன். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கதை வேண்டும்.

1977இல் பாண்ட் லண்டன் போனது. அங்கே பங்க் என்பது அதற்குள் ஒரு சீருடை ஆகிவிட்டிருந்தது: குத்திட்டு நிற்கும் முடி, கிழித்த சட்டை, ஊக்கு. கம்பெனிக்கும் அந்த வேடம்தான் வேண்டியிருந்தது, விற்க வசதி. இவர்கள் மாட்டேன் என்றார்கள். அந்த ஆண்டு 'திஸ் பர்ஃபெக்ட் டே' சிங்கிள் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 34ஆம் இடம் வரை ஏறி, 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் போனார்கள். பெய்லி நின்ற கோலத்தைப் பார்த்தால் காய்கறி வாங்க வந்தவர் தவறான வாசலில் நுழைந்துவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் குரல் வந்ததும் அந்த எண்ணம் போய்விடும். கேட்டு வந்தவர்களுக்குப் போதுமான பிரதிகளைக் கம்பெனி அடித்து வைக்கவில்லை, பாட்டு அதற்கு மேலே ஏறவும் இல்லை. அதற்குள் பிராட்ஷா விலகி ஆல்ஜி வார்ட் பேஸுக்கு வந்திருந்தார்.

இந்தக் கடுப்பில் செய்த ஆல்பம் இது. தொடக்கப் பாட்டு 'நோ யுவர் ப்ராடக்ட்'. கிதாரோடு டிரம்பெட், சாக்ஸபோன் கூட்டம் ஒன்று மார்பில் மோதுகிற மாதிரி வந்து இறங்குகிறது. பங்க் பாண்ட் ஊதுகருவி வைத்துக்கொள்வதா என்று அன்றைக்குப் பலர் முறைத்தார்கள். க்யூப்பருக்கு அது புதுமைக்காகச் செய்த விஷயம் இல்லை, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை அவர் காதில் எப்போதுமே இருந்தது. பாட்டு விளம்பரத்தையும் சரக்கையும் போட்டுத் தாக்குகிறது. இதே ஆல்பத்தில் பின்னால் இன்னொரு பாட்டு வருகிறது, சொல்லிப் பார்த்தால் பெயர் ஒன்றேதான், எழுத்துதான் வேறு. முதலாவதில் 'நோ' என்றால் 'அறிந்துகொள்' (Know), இரண்டாவதில் 'வேண்டாம்' (No). பாட்டுப் பெயர்களை நம் எழுத்தில் எழுதும்போது இந்த விளையாட்டு காணாமல் போய்விடுகிறது, அதனால் சொல்லி வைக்கிறேன். 'பிரைவேட் அஃபேர்' என்ற பாட்டு, புதுமை புதுமை என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்ட கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. லண்டனில் உட்கார்ந்துகொண்டே லண்டன் பங்க்கைக் கிண்டல் செய்யத் தனித் தெனாவெட்டு வேண்டும்.

அளவுகோல்களுக்கு வருவோம். முதல் பத்து நிமிடம்: கிட்டத்தட்ட முதல் ஆல்பத்துக்குச் சமம், ஊதுகருவிகள் இருப்பதால் பங்க் பழகாதவர்களுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கிறது. திரும்பக் கேட்பது: முதலாவதைவிட நிச்சயம் மேல். வேகப் பாட்டு, நடைப் பாட்டு, மெதுப் பாட்டு எல்லாம் கலந்து இருக்கிறது. ஒலிப்பதிவு: சுத்தம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கருவிகள் பிரிந்து கேட்கின்றன, ஹெட்போனிலும் தாக்குப்பிடிக்கும்.

குறை என்றால், நடுவில் இரண்டு மூன்று பாட்டு கையிலிருந்ததைப் போட்டு நிரப்பியது மாதிரி இருக்கும். முதல் ஆல்பத்தின் ஒருமுகம் இதில் இல்லை. அது சிலருக்கு உறுத்தும், எனக்கு உறுத்தவில்லை.

இதில் தொடங்கினால் பின்னாலும் போகலாம், முன்னாலும் போகலாம். முதல் ஆல்பத்தின் வேகமும் இங்கே இருக்கிறது, மூன்றாவதின் ஊதுகருவிகளும் இங்கே இருக்கின்றன.

இது யாருக்கு: பங்க் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், சோல் இசையோ ஜாஸோ கொஞ்சம் கேட்டவர்கள், ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்பேன் என்று சொல்கிறவர்கள்.

## வாசல் 3: 'ப்ரீஹிஸ்டாரிக் சவுண்ட்ஸ்' (1978 அக்டோபர்)

எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் யாருக்கும் முதலில் கொடுக்க மாட்டேன்.

ஐந்தே மாதத்தில் இன்னொரு ஆல்பம். வேகம் இறங்கிவிட்டது, ஊதுகருவிகள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டன. 'ஸ்விங் ஃபார் த க்ரைம்' பாட்டில் டிரம்ஸ் ஒரு பக்கம் உருள, பிராஸ் ஊதுகருவிகள் மேலே முனகிக்கொண்டே வர, பெய்லியின் குரலில் முதல்முறையாகச் சோர்வு உண்மையாகத் தெரிகிறது, முன்பு போல அலட்சியம் இல்லை. சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் 'செக்யூரிட்டி', சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் 'சேவ் மீ' இரண்டையும் எடுத்துப் பாடியிருக்கிறார்கள்.

ஓட்டிஸ் ரெடிங் பாட்டில் பாதுகாப்பு என்பது காதலில் தேடும் நிம்மதி. அதே ஆல்பத்தில் இவர்கள் சொந்தமாக எழுதிய பாட்டின் பெயர் 'பிரிஸ்பேன், செக்யூரிட்டி சிட்டி'. அங்கே அதே சொல்லுக்குப் போலீஸ் காவல் என்று பொருள். வெயிலும் புழுக்கமும், எந்நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் உணர்வும் அந்தப் பாட்டில் உண்டு. லண்டனின் குளிரில் இருந்துகொண்டு, விட்டு ஓடி வந்த ஊரைப் பற்றி எழுதியது. வேண்டுமென்றே இரண்டையும் ஒரே ஆல்பத்தில் வைத்தார்களா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். எப்படியானாலும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு இது போணியாகவில்லை. ஈ.எம்.ஐ.யின் ஹார்வெஸ்ட் லேபிள் இவர்களைக் கைகழுவிவிட்டது, பாண்ட் உடைந்தது. பெய்லிக்கும் க்யூப்பருக்கும் எந்தப் பக்கம் போவது என்பதில் ஒத்துப்போகவில்லை.

இதை முதலில் கேட்டால் என்ன நஷ்டம்? முந்தைய இரண்டையும் கேட்டவருக்கு இந்த ஆல்பத்தின் ஒவ்வொரு நிதானமும் ஒரு முடிவாகத் தெரியும். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள் என்று புரியும். கேட்காதவருக்கு இது கொஞ்சம் மந்தமான, ஊதுகருவி வைத்த ராக் ஆல்பம், அவ்வளவுதான். இருப்பதிலேயே அருமையான ஒன்றை இப்படி வீணாக்க வேண்டாம்.

விதிவிலக்கு உண்டு. ஜாஸ் கேட்டுக் கேட்டு ஊறியவர், ராக் இசையின் சத்தமே ஆகாது என்பவர், நேராக இங்கே வரலாம். அப்படி ஒருவருக்கு இதைக் கொடுத்தேன், இரண்டு வாரம் கழித்து முதல் ஆல்பத்தை அவரே தேடிப் போய்க் கேட்டுவிட்டு, "இவர்களா அது?" என்று கேட்டார். பின்னாலிருந்து முன்னால் போவதும் ஒரு வழிதான்.

## வாசல் 4: 'ஆல் ஃபூல்ஸ் டே' (1986)

இங்கே ஓர் எச்சரிக்கை: இது பெயரளவில்தான் அதே பாண்ட். 1978க்குப் பிறகு பெய்லி, ஆட்களை மாற்றி மாற்றி செயின்ட்ஸ் என்ற பெயரைப் பல பத்தாண்டுகள் ஓட்டினார். 1981, 1982, 1984 என்று ஆல்பங்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் கைக்கு அடக்கமானது இது. வேல்ஸில் பதிவானது, ஐவர் ஹே திரும்ப வந்து டிரம்ஸ் வாசித்தார்.

பங்க் எதிர்பார்த்து வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பீர்கள். நல்ல மெட்டு, அகலமான கிதார், அங்கங்கே ஊதுகருவி, எண்பதுகளின் பளபளப்பு. பெய்லி இதில் உண்மையிலேயே பாடுகிறார். அந்தக் குரலுக்குள் இவ்வளவு பாட்டு இருந்ததா என்று ஆச்சரியமாக இருக்கும். 'ஜஸ்ட் லைக் ஃபயர் வுட்' இதில்தான் இருக்கிறது. 2014இல் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் 'ஹை ஹோப்ஸ்' ஆல்பத்தில் அதைப் பாடினார். உங்களுக்கு செயின்ட்ஸ் என்ற பெயரே அவர் வழியாகத்தான் தெரிய வந்தது என்றால், யோசிக்காமல் இங்கே தொடங்குங்கள்.

இல்லையென்றால் இது இரண்டாவது சுற்றுக்கு. க்யூப்பரின் கிதார் இல்லாத இடம் ஒரு பல் விழுந்த ஓட்டை மாதிரி இருந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்தக் கிதாரைக் கேட்டவருக்குத்தான் அது தெரியும். தெரியாதவருக்கு இது நிறைவான ஆல்பம்தான்.

இது யாருக்கு: மெட்டு முக்கியம் என்பவர்கள், காரில் போட்டுக் கேட்பவர்கள், வீட்டில் மற்றவர்களும் இருக்கும்போது கேட்க வேண்டியவர்கள்.

## ஒரே பார்வையில்

| | ஐயாம் ஸ்ட்ராண்டட் | எடர்னலி யுவர்ஸ் | ப்ரீஹிஸ்டாரிக் சவுண்ட்ஸ் | ஆல் ஃபூல்ஸ் டே |
|---|---|---|---|---|
| ஆண்டு | 1977 | 1978 | 1978 | 1986 |
| முதல் பத்து நிமிடம் | உடனே தெரிந்துவிடும், இப்படியோ அப்படியோ | பெரும்பாலோருக்குப் பிடிக்கும் | பொறுமை வேண்டும் | சுலபம் |
| பத்தாவது தடவை | கொஞ்சம் சலிக்கலாம் | தாங்கும் | இன்னும் நன்றாக இருக்கும் | சில பாட்டு மட்டும் |
| ஹெட்போன் | வேண்டாம் | பரவாயில்லை | நன்று | நன்று |
| யார் கை ஓங்கியது | க்யூப்பரின் கிதார் | இருவரும் | க்யூப்பரின் இசையமைப்பு | பெய்லி மட்டும் |
| ஆபத்து | அடுத்தவை ஏமாற்றமாகத் தோன்றலாம் | நடுவில் தொய்வு | முதலில் கேட்டால் வீண் | பங்க் தேடி வந்தால் ஏமாற்றம் |

## தொகுப்பு ஆல்பத்தில் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் நான் செய்ய மாட்டேன். இவர்களுடைய முழுக் கதையும் இருபது மாதத்துக்குள் மூன்று ஆல்பங்களில் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்பதுதான். தொகுப்பில் அந்த நகர்வு கலைந்துவிடுகிறது. வேகப் பாட்டுக்கு அடுத்து பிராஸ் பாட்டு வந்து நிற்கும், எது எதற்குப் பிறகு என்று தெரியாது. பாட்டு கேட்கும் செயலிகள் தானாக அடுக்கித் தரும் பட்டியல் இன்னும் மோசம். 1977 பாட்டுக்குப் பக்கத்தில் 1986 பாட்டு, ஒரே பாண்ட் என்ற நினைப்பில். ஆல்பத்தைப் பெயர் சொல்லித் தேடி, முதல் பாட்டிலிருந்து போடுங்கள்.

தேடும்போது இன்னொரு குழி இருக்கிறது. பாண்ட் உடைந்த பிறகு க்யூப்பர் சிட்னியில் 'லாஃபிங் க்ளவுன்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார், சாக்ஸபோனும் ஃப்ரீ ஜாஸுமாக. அவர்களுக்கு 'எடர்னலி யுவர்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது, 1984இல் வந்தது. அருமையான பாட்டு, ஆனால் நீங்கள் தேடியது அது இல்லை. தற்செயலாக அதில் போய் விழுந்து அதுவே பிடித்துப்போனால் தயவுசெய்து திரும்பி வராதீர்கள், அந்தப் பக்கமே போங்கள். மூன்றாவது ஆல்பத்தின் தொடர்ச்சி உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

## பணமும் பதிப்பும்

எல்.பி. (பெரிய இசைத்தட்டு) வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்டுப் பிடிக்கும் வரை வாங்காதீர்கள். தட்டின் விலையோடு கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேரும்போது கையைச் சுட்டுவிடும். 1976இல் சொந்தமாக அடித்த அந்த 500 சிங்கிள்களில் ஒன்றை யாராவது சல்லிசான விலைக்குத் தருகிறேன் என்றால் நம்பவே வேண்டாம்.

முதல் ஆல்பத்தைக் கூடுதல் பாட்டுகள் சேர்த்த பதிப்பில் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். 1977இல் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று ஒரு நான்கு பாட்டு இ.பி. வெளியிட்டார்கள், அதில் 'ஒன் வே ஸ்ட்ரீட்', 'டெமாலிஷன் கேர்ள்' இரண்டையும் மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். கூடுதல் பாட்டுகளில் இவையும் இருந்தால் ஒரே பாட்டு இரண்டு தடவை வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அந்த இ.பி.யில் இருக்கும் 'ரிவர் டீப் மவுண்டன் ஹை' தனியாகத் தேடிக் கேட்க வேண்டியது. டீனா டர்னர் பாடிய பிரம்மாண்டமான பாட்டை நாலு பேர் சேர்ந்து இடித்துத் தள்ளியிருக்கிறார்கள், அதிலும் அந்தப் பாட்டின்மேல் அன்பு தெரிகிறது.

## நேரில் பார்ப்பது?

இதையும் ஒருவர் கேட்டார், ஆஸ்திரேலியாவில் இருப்பவர். பெய்லி 2022 ஏப்ரலில் நெதர்லாந்தில் இறந்துவிட்டார், 65 வயது. அதற்கு முன் 2007இல் பிரிஸ்பேனிலும், 2009இல் ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் பொறுப்பேற்று நடத்திய விழாவிலும் பழைய ஆட்கள் ஒன்றுகூடி வாசித்தார்கள். அந்த வாய்ப்பு இனி இல்லை.

2024 கடைசியில் க்யூப்பரும் ஹேயும் மறுபடி மேடை ஏறினார்கள். பாட, அமெரிக்காவின் 'மட்ஹனி' பாண்டின் மார்க் ஆர்ம் வந்தார், உடன் வாசிக்க ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் மிக் ஹார்வி. பெய்லி இல்லாமல் செயின்ட்ஸா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. க்யூப்பர் இல்லாமல் பெய்லி நாற்பது வருடம் அதே பெயரில் பாடியபோது இவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மறுபடி அப்படி ஒரு சுற்றுப்பயணம் அறிவித்தால் நான் போவேன். ஆனால் 'ஆல் ஃபூல்ஸ் டே' வழியாக வந்தவர் டிக்கெட் எடுக்கும் முன் சுவரொட்டியை ஒருமுறை சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பக்கத்திலேயே 73–78 என்று ஆண்டுகளையும் போட்டிருந்தார்கள். 'ஜஸ்ட் லைக் ஃபயர் வுட்' அந்தக் கணக்கில் வராது.